ஓட்டுநர் பெயர்: ரிஸ்வானா

இன்று மலையேறி வரப்போவது மூன்றாவது வண்டி. வாங்குவதற்காக இதற்கு முன் இரண்டு வண்டிகளை ரிஸ்வானா ஓட்டிப் பார்த்தாயிற்று. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. சேலத்தில் இரண்டு ஷோரூம்களிலும் அவளுடைய லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்து, 'ஓட்டுநர் பெயர்' என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு ஸ்டியரிங்கையும் அவள் விரலால்கூடத் தொட்டதில்லை. போன தூரம் முழுக்க அவள் பார்த்ததெல்லாம் பின் சீட்டிலிருந்து தெரிந்த பெரிய மச்சானின் பிடரியைத்தான்.

பெரிய மச்சான் என்றால் அவள் புருஷன் அஃப்சலின் அண்ணன், சையத் இப்ராஹிம். ஐம்பத்தெட்டு வயது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் அண்ணன் தம்பி இருவருமாக மிளகு, காப்பித்தூள், ஏலக்காய் விற்கும் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கு மேலேயே வீடு, ஒரே அடுப்பு. வீட்டில் எது நடந்தாலும் பெரியவர் தலையை ஆட்டினால்தான் நடக்கும். முப்பது வருஷமாகக் கடையின் பழைய வேனை இந்த மலையில் ஏற்றி இறக்குகிறவர் அவர். அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், சேர்வராயன் மலைக்கு ரோடு போட்டதே அவர்தான் என்று தோன்றும்.

அப்படிப்பட்டவரின் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகிறது. புதுப்பிக்கக் கண்ணைக் காட்டி டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். "ஏ, பி, சி, டி படிச்சுக் காட்டறதுக்கு நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று போகாமலே இருந்துவிட்டார். அஃப்சலிடம் இருப்பது பைக் லைசென்ஸ். ஆக அந்த வீட்டில் கார் ஓட்டத் தகுதியுள்ள ஒரே ஆள் ரிஸ்வானாதான். அந்த ஒரே ஆளைத்தான் பின் சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் லைசென்ஸ் எடுத்தது ஆசைக்கு இல்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மகள் ஷிரினுக்கு மூச்சு இழுத்தது. ஒன்பது வயதுக் குழந்தை. மருந்து பம்பு தீர்ந்துபோயிருந்தது. சரக்கு எடுக்க அண்ணன் தம்பி இருவரும் வேனை எடுத்துக்கொண்டு சேலம் போயிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு கார் சும்மா நின்றது, சாவியும் அந்த வீட்டு அம்மாவிடம் இருந்தது, ஓட்டத்தான் ஆள் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிஸ்வானா மழையில் நின்று கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் ஒருவனும் நிறுத்தவில்லை. கடைசியில் ஊர் சுற்ற வந்த யாரோ ஏற்றிக்கொண்டார்கள். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. அந்த நாற்பது நிமிஷத்துக்காக அவள் யாரையும் மன்னிக்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் இருந்ததற்காகத் தன்னையும்தான்.

மறுமாசமே தினமும் முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஆர்டிஓ ஆபீஸில் எட்டுப் போட்டு ஒரே தடவையில் தேறினாள். பிறகு தன் நாலு வளையலைக் கழற்றி அஃப்சல் கையில் கொடுத்தாள். "வேன் கடைக்கு இருக்கட்டும். ஊட்டுக்கு ஒரு கார் எடுங்க. ஆனா நான் ஓட்டணும். இனிமே எம்பிள்ளைக்கு முடியலீன்னா, ஆம்பளை எப்ப வருவான்னு வாசலப் பாத்துட்டு நிக்க மாட்டேன்" என்றாள்.

"நீதான் ஓட்டப்போற, வேற யாரு?" என்றான் அஃப்சல். அண்ணன் இல்லாத இடத்தில் அவன் நொடியில் சம்மதித்துவிடுவான்.

முதல் ஷோரூமில் லைசென்ஸ் கேட்டார்கள். பெரியவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேற சட்டையில இருக்குதுங்க. தம்பி சம்சாரத்துது இருக்குது, அதப் போட்டுக்கங்க. ஒரு பேருக்குத்தானே?" என்றார். ரிஸ்வானா எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு சுற்றுப் போனபிறகு தனக்கும் ஒரு சுற்றுக் கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஓமலூர் ரோட்டில் போய்த் திரும்பி வந்து இறங்கிய பெரியவர், "இழுவை பத்தாது" என்று கதவைச் சாத்தினார். "நானும் சித்த ஓட்டிப் பாக்கறனுங்க மச்சான்" என்றாள் இவள். "நேரமாச்சு புள்ள. கடை சும்மா கெடக்குது" என்று அவர் நடந்துவிட்டார்.

இரண்டாவது ஷோரூமிலும் அச்சு அசலாக இதேதான் நடந்தது. அது உயரமான வண்டி. "நொம்ப ஆடுது" என்று அதையும் கழித்துக் கட்டினார். மறுநாள் ஷோரூமிலிருந்து ரிஸ்வானாவுக்குப் போன் வந்தது. "மேடம், நீங்க ஓட்டிப் பார்த்த வண்டி எப்படி இருந்துச்சு? ஸ்டியரிங், கிளட்ச் எல்லாம் வசதியா இருந்துச்சா?"

"சீட்டுக்குப் பின்னாடி பை தொங்கவிடறதுக்குக் கொக்கி நல்லா இருந்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தாள்.

அன்றைக்கு அஃப்சலைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமா? 'அவளும் ஓட்டட்டும்ணா'ன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அண்ணன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது ரிஸ்வானா? அத்தா மவுத்தானதுல இருந்து என்னை வளத்து ஆளாக்குனவரு. வண்டி வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"வண்டி வந்தப்பறமும் இதே அண்ணன், இதே மூஞ்சிதானுங்களே!"

அவன் மிளகு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டான். இந்த மனுஷனோடு சண்டை போடவும் முடியாது, வழுக்கிக்கொண்டே போவான். ரிஸ்வானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே மூன்றாவது ஷோரூமுக்குப் போன் போட்டாள். சமதளத்தில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது, மலைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், எங்கள் வாசலில் இருந்து நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெளிவாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வெள்ளை நிறத்தில் ஏழு பேர் உட்காரும் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஷோரூம் அட்டை, இளவரசி என்று பெயர். இருபது வளைவும் தனியாக ஏறி வந்திருக்கிறாள். அதைப் பார்த்ததுமே ரிஸ்வானாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"லைசென்ஸ் யாருதுங்களோ, அவங்கதான் ஓட்டணுங்க அக்கா" என்றாள் இளவரசி, காகிதத்தை நிரப்பிக்கொண்டே.

"என்னுதுதான். நான்தான் ஓட்டப்போறேன்" என்று ரிஸ்வானா கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை சந்தோஷமாகவே போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

அந்தக் கைக்கு மேலாக இன்னொரு கை வந்து சாவியை வாங்கிக்கொண்டது.

"எறக்கம் புள்ள. இது எட்டுப் போட்டுக் காட்டற மைதானம் இல்ல" என்றார் சையத் இப்ராஹிம். "அடிவாரம் வரைக்கும் நான் எறக்கறேன். ஏறும்போது யாரு ஓட்டறதுன்னு பாத்துக்கலாம்."

"சார், உங்க லைசென்ஸ்..." என்றாள் இளவரசி.

"அதான் ஊட்டு லைசென்ஸ் ஒண்ணு குடுத்தாச்சேம்மா. இந்த மலையில எங்கிட்ட லைசென்ஸ் கேட்ட ஆள் இன்னும் பொறக்கல."

இளவரசி தயங்கினாள். மாசக் கடைசி, இன்னும் ஒரு வண்டிகூட அவள் விற்கவில்லை என்பதை வந்த உடனேயே சொல்லியிருந்தாள். ரிஸ்வானா புருஷனைப் பார்த்தாள். புருஷன் செருப்பைப் பார்த்தான். மாடியிலிருந்து பெரியவரின் சம்சாரம் ஜைனப், "போயிட்டுச் சுருக்கா வாங்க, கடையில ஆள் வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. பெரியவர் ஓட்டும் இடத்தில் ஏறினார். ஷோரூம் ஆள் முன்னால் உட்கார வேண்டும் என்று இளவரசி சொல்லிப் பார்த்தாள். "தம்பி உக்காரட்டும்மா, அவன் ரோட்டப் பாக்கோணும்" என்று அதையும் தள்ளிவிட்டார். நடுச் சீட்டில் இளவரசி, ஷிரின், ரிஸ்வானா என்று மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஏரியைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, இறக்கம் ஆரம்பித்தது. முதல் ஐந்தாறு வளைவும் ஒழுங்காகத்தான் இறக்கினார். பிறகு கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நொடி சாவியைப் பின்பக்கம் திருகினார். என்ஜின் நின்றது, ஏசி நின்றது. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

இது இந்த மலையின் பழைய பழக்கம். இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே அடிவாரம் சேர்ந்தால் டீசல் மிச்சம். பழைய ஜீப்பையும் வேனையும் அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் இறக்கினார்கள். பெரியவர் முப்பது வருஷமும் அப்படியே இறக்கி, ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல் சேலம் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. கை தன் பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்துவிட்டது. இது வேறு வண்டி என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"சார்! ஏன் சார் ஆஃப் பண்றீங்க? ஆன் பண்ணுங்க சார், இந்த வண்டியில அப்படிப் பண்ணக் கூடாது!" இளவரசி சீட்டைப் பிடித்து எம்பினாள்.

"சும்மா இரும்மா. நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் இந்த மலையில உருட்டிட்டுப் போனவன்."

"மச்சான், அந்தப் புள்ள சொல்றதக் கேளுங்க. பிள்ளை இருக்கு வண்டியில" என்றாள் ரிஸ்வானா. குரல் உயர்ந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"பின்னாடி இருந்து கத்தாத புள்ள!"

பழைய வேனில் செய்வது போலவே பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். நாலு தடவை பிடித்தது. ஐந்தாம் தடவை பெடல் கல்லைப் போல இறங்காமல் நின்றுவிட்டது. என்ஜின் ஓடினால்தான் இந்தப் பிரேக்குக்குப் பலம். ஸ்டியரிங்கும் இறுகிப்போனது. அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதின்மூன்றாவது வளைவு எதிரே வந்தது, கீழிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறியது. "புடிக்கல... புடிக்கலடா!" என்று பெரியவர் கத்தினார். அது அதுவரை யாரும் கேட்டிராத குரல். அஃப்சல் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மலைச்சுவரில் நெடுக உரசி, முன் சக்கரம் வடிகாலில் இறங்கி நின்றது. பஸ் ஒரு கை இடைவெளியில் கடந்து நின்றது.

ரிஸ்வானா முதலில் பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். தலை, கை, கால், நெஞ்சு. அடி எதுவும் இல்லை. பயத்தில் மூச்சு கொஞ்சம் வேகமாக இருந்தது. பம்பை எடுத்து இரண்டு தடவை அடித்துவிட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரைத் தேற்றுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மனசில் பயம் கொஞ்சம், மீதி முழுக்கக் கோபம்.

அந்த வளைவில் கொய்யாவும் மாங்காயும் விற்கும் நாலைந்து கடைகள் இருந்தன. எல்லாரும் ஓடி வருவதற்குள் வண்டியில் இருந்தவர்கள் இறங்கி நின்றார்கள்; ஓட்டியது யார் என்று யாரும் கவனித்திருக்கவில்லை. பின்னால் வந்த ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வெங்கடாசலமும் இறங்கி வந்தார். ஒண்டிக்கடை ஸ்டாண்டில் வாடகை ஜீப் ஓட்டுபவர், பெரியவருக்கு ரொம்ப நாள் பழக்கம். பத்துப் பேராகச் சேர்ந்து தூக்கிச் சக்கரத்தை வடிகாலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது, ஒரு விளக்கு நொறுங்கியிருந்தது, இடது பக்கக் கதவு நெடுக ஒரு கீறல். மற்றபடி வண்டி நன்றாகவே நின்றது.

இளவரசியின் போன் அடித்தது. ஷோரூம் மேனேஜர். "ஆமாங்க சார்... இல்லீங்க சார், யாருக்கும் அடியில்ல... ஓட்டுனது..." என்று நிறுத்தினாள். எதைச் சொன்னாலும் அவளுக்கு வேலை போகும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் சாவியை விட்டது அவள்தானே.

அதே கேள்வியைத்தான் வெங்கடாசலமும் கேட்டார். "என்ன பாய், நீங்க ஓட்டியா இப்படி ஆச்சு? நம்பவே முடியலீங்களே!"

சையத் இப்ராஹிம் வேட்டியை உதறிக் கட்டினார். முகத்தில் வியர்வை வழிந்தது. சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பஸ் டிரைவர், கண்டக்டர், கடைக்காரர்கள், எல்லாம் முப்பது வருஷப் பழக்கம்.

"நான் எங்கீங்க ஓட்டுனேன்?" என்றார். "தம்பி சம்சாரம் ஓட்டிப் பாக்கறேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. புதுசா லைசென்ஸ் எடுத்த ஆசை. சரி ஓட்டட்டும்னு உட்டேன். அந்தப் பொண்ணு கையில இருக்கற காயிதத்துல வேணாப் பாருங்க, அது பேருதான் இருக்குது."

கூட்டத்தில் ஒரு 'ஓ' கிளம்பியது. "அதான பாத்தேன்" என்றார் கண்டக்டர். "பொம்பளைங்களுக்கு இந்த மலை எதுக்குங்க?" என்றது ஒரு குரல். குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கொய்யாக்காரி பாவாயி ரிஸ்வானாவைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

ரிஸ்வானாவுக்கு ஒரு கணம் காது அடைத்துப்போனது. பன்னிரண்டு வருஷமாக மரியாதைக்குக் குனிந்து குனிந்து போன தலை இது. முகத்துக்கு எதிரேயே, மூச்சு இரைக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படி ஒரு பொய்! இன்றைக்கு இது நின்றுவிட்டால் அவ்வளவுதான். ஏற்காட்டில் இனி எவனும் அவள் கையில் சாவியைக் கொடுக்க மாட்டான். அடுத்த மழைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

வெங்கடாசலத்துக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அப்படியா அஃப்சலு?" என்று கேட்டார்.

ரிஸ்வானா புருஷனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கை இரண்டும் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் சிவந்திருந்தன. அண்ணனைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாங்ணா" என்றான்.

கொன்று போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பெரியவர் சொன்னது பொய், அதைத் துடைத்துவிடலாம். இவன் சொன்னதுதான் அவளை அடியோடு பெயர்த்தது. அழுகை வரும் என்று அவளே நினைத்தாள், வரவில்லை. ஷிரினைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டாள். முன்பக்கம் போய், சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்று பெரியவர் வந்தார்.

"நான்தானுங்களே இதுவரைக்கும் ஓட்டிட்டு வந்தேன்? மிச்சத்தையும் நானே ஓட்டறேன்" என்றாள் அவள், சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கிறாற்போல. "இடிச்சவளை நம்பி நீங்க ஏற வேண்டாமுங்க மச்சான். அண்ணனும் தம்பியும் பஸ்ல வாங்க. இளவரசி, நீ ஏறு கண்ணு."

இளவரசி ஓடி வந்து பக்கத்தில் ஏறினாள். அஃப்சல் கதவைப் பிடிக்க வந்தான். ரிஸ்வானா உள்பக்கம் லாக்கை அழுத்தினாள்.

"பிரேக்கைப் பாத்துக்கலாமுங்க அக்கா, மொதல்ல" என்றாள் இளவரசி. என்ஜினைப் போட்டுவிட்டு மிதித்துப் பார்த்தார்கள். நன்றாக இறங்கிப் பிடித்தது. நாலடி ஓட்டி மறுபடி மிதித்தார்கள், மறுபடியும் பிடித்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ரிஸ்வானா முதல் கியரில் எடுத்தாள், இரண்டாவதுக்கு மாற்றினாள். அதற்கு மேல் மாற்றவில்லை. என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கியது. பன்னிரண்டாவது வளைவில் நடந்து போகிற வேகத்தில் திருப்பினாள். பதினொன்றில் ஒரு லாரி ஏறி வந்தது, ஒதுங்கி நின்று வழிவிட்டாள். பத்தாவதுக்குப் பிறகு பயம் நின்றது, கோபம் நிற்கவில்லை. "ஆமாங்ணாவாம்! ஆமாங்ணா!" என்று ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பல்லைக் கடித்தாள். தொங்கிய பம்பர் தட்டுத் தட்டென்று அடித்துக்கொண்டே வந்தது.

அஃப்சலின் போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கடைசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் ரோடு அகன்ற இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள், கியரில் விட்டாள், பிறகுதான் என்ஜினை அணைத்தாள்.

"அக்கா, மேனேஜர் நேர்ல வரச் சொல்றாருங்க" என்றாள் இளவரசி. கண் கலங்கியிருந்தது. "நீங்கதான் ஓட்டுனீங்கன்னே சொல்லிருங்கக்கா. லைசென்ஸ் இருக்கறதால இன்சூரன்ஸ் வந்துரும். என் வேலையும் தப்பிச்சுரும்."

ரிஸ்வானா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் கேட்பதில் தப்பில்லை. தப்பு எங்கே ஆரம்பித்தது என்று ரிஸ்வானாவுக்குத் தெரியும். "இல்ல கண்ணு. ஓட்டாத வண்டிக்கு மூணு தடவை கையெழுத்துப் போட்டது நான். மொத தடவையே மாட்டேன்னு சொல்லியிருக்கோணும். பொய்க்குப் பேரு குடுத்தவ நான், அத மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். நீ வேண்டாம்னு சொல்லச் சொல்ல, சாவியப் புடுங்குனாங்கன்னும் சொல்றேன். இந்த வண்டியத்தான் எடுக்கப்போறோம்னும் சொல்றேன். அப்பறம் உன்னை எப்படி வேலைய விட்டு அனுப்பறாருன்னு பாத்துருவோம்."

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மடியில் வைத்தாள்.

"ரிஸ்வானா! எங்க இருக்கற? பிள்ளை நல்லா இருக்கா?" அஃப்சலின் குரல் உடைந்திருந்தது. "இங்க எல்லாரும் சிரிக்கறாங்க. பஸ் ஒண்ணுலயும் இடமில்ல. அண்ணனுக்கு நொம்ப அவமானமாப் போச்சு. திரும்பி வா."

"பிள்ளை நல்லா இருக்கறா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டிய யாரு ஓட்டுனது?"

போனில் யாரோ கொய்யா விலை கேட்கும் சத்தம் மட்டும் வந்தது.

"அது... அண்ணன்தான். உனக்குத் தெரியாதா?" என்றான் மெதுவாக.

"எனக்குத் தெரியுமுங்க. எங்கிட்ட எதுக்கு ரகசியம் சொல்றீங்க? 'ஆமாங்ணா'ன்னு யாருகிட்டச் சொன்னீங்களோ, அவங்ககிட்டச் சொல்லுங்க. வெங்கடாசலண்ணன் அங்கதான் நிக்கறாரா? பாவாயி நிக்குதா? உங்கண்ணன் நிக்கறாரா? அத்தனை பேருக்கும் கேக்கோணும். நான் லைன்லயே இருக்கறேன்."

"ரிஸ்வானா, ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்..."

"ஊட்டுல பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. என்னைப் பத்தி ரோட்டுல பேசுனீங்க. ரோட்டுலயே முடிங்க."

பின் சீட்டில் ஷிரின் பெல்ட்டோடு முன்னால் நகர்ந்து மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஸ்வானாவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. அவன் முந்திக்கொண்டு வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் அழுதுவிடுவாள்.

முதலில் அஃப்சல் தொண்டையைக் கனைத்தது கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது, போனை விட்டு விலகி, தூரத்திலிருந்து.

"வெங்கடாசலண்ணா! நான் சொன்னது பொய்யிங்ணா. அவ ஓட்டல. அவள ஸ்டியரிங்கையே தொட விடலீங்ணா நாங்க. எங்கண்ணன்தான் ஓட்டுனாரு. எறக்கத்துல ஆஃப் பண்ணி உருட்டுனாரு. அவருக்கு லைசென்ஸும் இல்ல. எம்பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்லீங்ணா!"

பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ "பாய்! பாய்! உடுங்க!" என்று கத்தினார்கள். ஷிரின் "அத்தா!" என்று வீறிட்டாள்.

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அஃப்சலுக்கு மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேன்" என்றான். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அவளுக்கு இப்போதுதான் கண்ணில் நீர் முட்டியது. அதைக் குரலில் காட்டவில்லை. கோபம் இன்னும் முக்கால்வாசி மீதம் இருந்தது. ஒரு வாக்கியத்தில் தீர்கிற கோபமா அது? "அங்கயே நில்லுங்க. பஸ் ஏற வேண்டாம். நான் மேல வர்றேன். அப்பறம் ஷோரூமுக்குப் போகோணும்."

என்ஜினைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியை மலைப்பக்கம் திருப்பினாள். முதல் வளைவுப் பலகை தெரிந்தபோது இளவரசி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பெரியவரையும் ஏத்திக்கலாங்களா அக்கா? வயசானவரு, வெயிலாயிருச்சு..."

ரிஸ்வானா கியரைக் குறைத்தாள். வண்டி ஏற்றத்தில் நன்றாக இழுத்தது.

"ஏத்திக்கலாம் கண்ணு. ஊட்டுக்கு இல்ல, லைசென்ஸ் புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸுக்கு. என்னைக்கு வர்றாருன்னு அவரே சொல்லட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு அவரு நடந்து வரட்டும்."